சூரியக் குடும்பத்தை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சூரியக் குடும்பப் பாடம் என்றால் பிள்ளைகள் புதனில் ஆரம்பித்து நெப்டியூன் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. எங்கிருந்து தொடங்கினால் மனதில் நிற்கும்? இன்னொன்று: “சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன்தானே, அப்புறம் ஏன் வெள்ளி அதிகச் சூடு?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன சொல்லலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தூரத்திலிருந்து தொடங்குங்கள். பாடப்புத்தகப் படத்தில் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரு பக்கத்துக்குள் அடக்க வேறு வழியில்லை. ஆனால் பிள்ளைகள் மனதில் அந்த நெரிசல்தான் பதிகிறது. உண்மையில் அங்கே இருப்பது பெரும்பாலும் வெற்றிடம்.

அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். 1 செ.மீ. என்றால் 1 லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 14 செ.மீ. குறுக்களவுள்ள பந்து. அங்கிருந்து 15 மீட்டர் நடந்தால் பூமி. பேனா முனையால் வைத்த புள்ளி போல, 1.3 மி.மீ.தான் இருக்கும். அதிலிருந்து நிலா 4 செ.மீ.கூட இல்லை. மனிதர்கள் விண்வெளியில் போய்வந்த தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். வியாழன் 78 மீட்டரில் வரும். நெப்டியூனுக்கு 450 மீட்டர் நடக்க வேண்டும், மைதானம் போதாது. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இந்தக் கணக்கில் இப்போது இரண்டரை கி.மீ. தொலைவில் இருக்கிறது. சரி, சூரியனை விட்டால் அடுத்த விண்மீன் எங்கே? அதைப் பிள்ளைகளே கணக்குப் போடட்டும். ஏறத்தாழ 4,000 கி.மீ. என்று விடை வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இனி அந்த மாணவியின் கேள்வி. அருமையான கேள்வி, வகுப்பு முழுவதற்கும் அதை எடுத்துச் சொல்லுங்கள். வெப்பத்தை வாங்குவது வேறு, பிடித்துவைப்பது வேறு. புதனுக்குக் காற்றுமண்டலம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும், இரவில் மைனஸ் 180க்கு இறங்கிவிடும். வெள்ளியின் கதை நேர்மாறு. அதன் மேகங்கள் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆனால் உள்ளே வரும் கொஞ்சநஞ்ச வெப்பம் வெளியேற முடிவதில்லை. அங்கே காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அழுத்தமும் பூமியைப் போல் 90 மடங்குக்கு மேல். அதனால் தரை எப்போதும் 465 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. வெள்ளியில் ஓர் இரவு, நம் கணக்கில் ஏறக்குறைய 58 நாள். அத்தனை நாள் வெயிலே படாவிட்டாலும் சூடு தணிவதில்லை.

உள்ளே நாலு கோள்கள் பாறையாகவும் வெளியே நாலு பெரிதாகவும் இருப்பது ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள். 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை உருவானபோது, சூரியனுக்கு அருகே இருந்த வெப்பத்தில் பாறையும் உலோகமுமே திடமாக நின்றன. தொலைவில் பனிக்கட்டியும் சேர்ந்ததால் கோள்கள் பருத்து, சுற்றியிருந்த வாயுவையும் இழுத்துக்கொண்டன.

புளூட்டோவை எப்படியும் கேட்பார்கள். 2006இல் நீக்கிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். ஏறக்குறைய அதே அளவுள்ள ஏரிஸ் 2005இல் கண்டறியப்பட்டது. அதையும் கோள் என்று சேர்ப்பதா, இரண்டையும் குள்ளக் கோள்கள் என்பதா என்ற கேள்வி அப்படித்தான் எழுந்தது.