பாரிஸ் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களில் எதைப் படிக்கலாம்?

காதல் நகரம் என்கிறார்களே, அந்தப் பாரிஸில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டும் நாவல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எமில் ஸோலாவின் 'லஸோம்வார்' (1877) படியுங்கள். ஈஃபிள் கோபுரத்தை மட்டும் தேடாதீர்கள், அது கட்டி முடிந்ததே 1889இல்தான்.

நாயகி ஜெர்வேஸ் துணி வெளுப்பவள். கூட வாழ்ந்தவன் இரண்டு பிள்ளைகளோடு அவளை விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். அப்புறம் கூரை வேலை செய்யும் கூப்போவைக் கட்டிக்கொள்கிறாள். கல்யாணத்தன்று நல்ல மழை. விருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று மொத்தக் கூட்டமும் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போய், வாய் பிளந்து படம் பார்த்து, வெளியே வர வழி தெரியாமல் சுற்றுகிறது. சிரித்துக்கொண்டே படித்தேன். அந்தப் பகலோடு சரி, எல்லோரும் பேட்டைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு சலவைக் கடை வைக்க அவள் சேர்த்த பணம், கூரையிலிருந்து விழுந்த கணவனை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதில் கரைகிறது. பக்கத்து வீட்டுக் கொல்லர் 500 பிராங்க் கடன் தருகிறார், கடை திறக்கிறாள். மேலே சொல்லமாட்டேன். கடன், வாடகை, குடி என்று இவ்வளவு துல்லியமாக ஒரு பெண்ணின் வரவு செலவை எழுதிய நாவல் நான் வேறு படித்ததில்லை.

அவருடையதே 'தி லேடீஸ் பாரடைஸ்' (1883) இதைவிட எளிது. பான் மார்ஷே போன்ற பெரிய ஜவுளி மாளிகைகளைப் பார்த்து எழுதியது. வெளியூரிலிருந்து இரண்டு தம்பிகளோடு வரும் தெனீஸுக்கு அங்கே முதலில் சம்பளமே கிடையாது, விற்றால் கமிஷன். படுக்கை மொட்டைமாடிக்குக் கீழே ஒரு சின்ன அறையில். கோடையில் வியாபாரம் படுத்தால் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கடைசியில் முதலாளியே அவளைக் கல்யாணம் செய்துகொள்வதுதான் எனக்கு ஒட்டவில்லை.

பாரிஸ் மயக்கத்தைப் பற்றித்தான் வேண்டுமென்றால் ஃப்ளோபேரின் 'மேடம் பொவாரி'. அதன் நாயகி எம்மா பாரிஸ் வரைபடம் ஒன்றை வாங்கி, விரல் நுனியால் அதில் உலாப் போவாள். பாரிஸுக்குக் கடைசிவரை போகவே மாட்டாள்.

அவள் காலத்தில் பிரான்சில் விவாகரத்து இல்லை, 1884இல்தான் சட்டம் திரும்பி வந்தது. அதற்குப் பிந்தைய பெண் எப்படி இருந்தாள் என்று கோலெத்தின் 'தி வேகபாண்ட்' (1910) காட்டும். விவாகரத்தான ரெனே நாடகக் கொட்டகைகளில் ஆடிப் பிழைக்கிறாள், பணக்காரன் ஒருவன் காதலிக்கிறான், அவளுக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. கோலெத்தின் முதல் நாவலைக் கணவர் தன் பெயரில் வெளியிட்டார் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பயம் புரியும். பிரான்சில் கல்யாணமான பெண், கணவன் சம்மதமின்றித் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க முடிந்ததே 1965இல்தானே.

ஜீன் ரிஸின் 'குட் மார்னிங், மிட்நைட்' (1939) எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் மனசு சரியில்லாத நாளில் எடுக்காதீர்கள்.

ஒரு விஷயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸோலாவின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் வெட்டுகள் ஏராளம். அவரை இங்கிலாந்தில் பதிப்பித்ததற்காக ஹென்றி விசெடெல்லி 1889இல் சிறைக்கே போனார். கொஞ்சம் செலவானாலும் புதிய மொழிபெயர்ப்பாக வாங்குங்கள். 'லஸோம்வார்' ஆங்கிலத்தில் 'தி ட்ரிங்கிங் டென்' என்றும் வந்திருக்கிறது, இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.