கர்னல் குடிக்காத டீ

அன்புள்ள ஐயா,

ராணுவச் சிறப்புப் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு லெப்டினன்ட் ஜெனரலின் பேட்டியை யூடியூபில் பார்த்தேன். சர்வீஸில் பாதிக்கு மேல் மீட்டிங், ஃபைல் என்றே போனதாகச் சொல்கிறார். காலேஜ் படிக்கும் என் மகன் பாரா எஸ்.எஃப். என்கிற அந்தச் சிறப்புப் படைதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், விடிகாலையில் ஆரணி ரோட்டில் ஓடுகிறான். அந்தப் படையின் மெரூன் தொப்பி போட்டும் கடைசியில் நாற்காலிதானா?

ஒரு வாசகர், கணியம்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

கம்மவான்பேட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! அங்கே எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் என்னைவிட நன்றாகச் சொல்ல ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருப்பார். சரி, கேட்டுவிட்டீர்கள்.

ஆமாம், நாற்காலிதான். லெப்டினன்டாகச் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல், அதற்கு மேல் தேர்வு வாரியம் பார்த்துக் கொடுத்தால்தான். புரொபேஷன் என்கிற சோதனைக் காலத்தில் ஜவானோடு ஜவானாகத் தூக்கமில்லாமல் மூட்டை சுமப்பது, ஆக்ராவில் ஐந்து தடவை பாராசூட்டில் குதித்து விங்ஸ் பேட்ஜ் வாங்குவது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு இருட்டில் நடப்பது எல்லாம் பெரும்பாலும் மேஜராக இருக்கும் வரைதான். அப்புறம் அவர் ஆள் அனுப்புகிறவர்.

2016 செப்டம்பர் 28 இரவு காஷ்மீரில் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பாகிஸ்தான் பக்கம் போய் அடித்துவிட்டு வந்தார்களே, அடுத்த குடியரசு தினத்தில், போனவர்களில் ஒரு மேஜருக்கு வீரத்துக்கான கீர்த்தி சக்கரா கொடுத்தார்கள். 4 பாரா, 9 பாரா இரண்டு பட்டாலியன்களின் கர்னல்களுக்கும், நடத்திக் கொடுத்ததற்கான யுத்த சேவா பதக்கம். நம் ஊரில் முதல் பதக்கத்துக்குத்தான் ஃபிளெக்ஸ் வைப்பார்கள்.

அனுப்புவது லேசு என்று நினைத்தால், இந்திய அமைதிப்படை புலிகளோடு மோதிய யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அந்தப் போரின் நியாய அநியாயத்தை இப்போது விடுவோம், அது தனிக் கட்டுரை. 1987 அக்டோபர் 11 இரவு பல்கலைக்கழக மைதானத்தில் 10 பாரா கமாண்டோக்களையும் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியையும் ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். சீக்கியர்களில் முப்பது பேர் இறங்கியதோடு சரி, பின்னால் வரவேண்டியவர்கள் வரவே இல்லை. முப்பதில் இருபத்தொன்பது பேர் செத்தார்கள். எதிராளிக்கு என்ன தெரியும், அடுத்த ஹெலிகாப்டர் வராவிட்டால் என்ன செய்வது என்று திட்டம் போடும் மேஜையில் மேப்பைப் பிடித்துக்கொண்டு கேட்க, ஒருகாலத்தில் அப்படி இறங்கிய ஒரு ஆள் வேண்டும். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் எரிச்சல் மூட்டினாலும் பரவாயில்லை. அந்த ஜெனரல் மீட்டிங் மீட்டிங் என்று சலித்துக்கொள்கிறாரே, அது இதுதான்.

எங்கள் தெருவில் ஒரு ஹவில்தார் இருக்கிறார், சிக்னல்ஸில் இருந்தவர். காஷ்மீரில் ஒருமுறை ஆட்கள் ஒரு ஆபரேஷனுக்கு வெளியே போயிருந்த இரவில், கர்னல் வயர்லெஸ் செட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாராம். இவர் கொடுத்த டீயை வாங்கிப் பெட்டி மேல் வைத்தார், குடிக்கவில்லை. "ஆடை படிஞ்சு, அந்த ஆடையும் சுருங்கிப் போச்சுங்க" என்று கையைக் குவித்துக் காட்டுவார். விடிகிற நேரம் எல்லோரும் திரும்பிவிட்டதாகச் சத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாராம், அந்த டீயைப் பார்க்கக்கூட இல்லை.

பையன் டிகிரியை முடிக்கட்டும். அப்புறம் பரங்கிமலையில் ஓ.டி.ஏ. என்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம். பாராவுக்குப் போவது அவனாகக் கைதூக்கினால்தான், புரொபேஷனில் கழித்துவிடப்படுகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் வேறு ரெஜிமென்டில் நன்றாகவே இருக்கிறார்கள். விடிகாலை ஓட்டம் சரி, ஆனால் அது வேலூர் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஓடுகிற ஓட்டம். முதுகில் பத்துக் கிலோ அரிசியோடு கண்ணமங்கலம் வரை ஒரு நடை போய் வரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.