மூன்று வயசுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே செலவில்லாமல், பயமில்லாமல் என்ன சாப்பாடு போடலாம்?

காட்பாடியில் வீடு, மே மாதம், மொட்டை மாடி, 15 குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் வேலூர்தான், சத்துவாச்சாரி. நம்ம ஊரில் பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அம்மா வருவார், ஆயா வருவார், இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் வரும். பெரியவங்க மட்டும் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஏறுவது அவர்களால்தான். மூன்று வயசுப் பிள்ளை விசேஷ வீட்டில் ரெண்டு கை சாப்பிட்டாலே பெரிசு, பலூனைப் பார்த்துவிட்டால் அதுவும் இறங்காது. அதனால் ரெண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது மினி இட்லி. ஆவியில் வெந்தது, மெத்தென்று இருக்கும், தானே கையில் எடுத்துத் தின்னலாம், மேலே கொட்டினாலும் கறை இல்லை. நெய் மட்டும் விட்டுப் புரட்டிக் கொடுங்கள். பொடி வேண்டுமானால் மிளகாயைக் குறைத்து, எள்ளும் வேர்க்கடலையும் சேர்க்காமல் அரையுங்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கு எது ஒத்துக்காது என்று நமக்குத் தெரியாது. கூப்பிடும்போதே "பால், முட்டை, கடலை ஏதாவது ஒத்துக்காதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் நல்லது. ரெண்டு கிலோ மாவு தாராளம். மீதி மாவில் வெல்லமும் கனிந்த வாழைப்பழமும் பிசைந்து குழிப்பணியாரம் ஊற்றலாம். இனிப்புக்கு அதுவே போதும், கேசரியே தேவையில்லை. செய்தே ஆகணும் என்று மாமியார் சொன்னால் கலர்பொடி இல்லாமல் கேரட் துருவிப் போட்டுக் கிண்டுங்கள்.

பெரியவங்களுக்கு பிரியாணி இல்லாமல் நம்ம பக்கம் விசேஷம் ஏது? ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும், 20 பேருக்கு இரண்டரை கிலோ சொன்னால் மிச்சமும் இருக்கும். வீட்டில் ஆக்க வேண்டாம், அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இருக்கும். ஆனால் ஆம்பூர் பக்குவத்தில் காய்ந்த மிளகாயை அரைத்துப் போடுவதால் சின்னப் பிள்ளைக்கு அப்படியே கொடுக்க முடியாது. குஸ்காவை மட்டும் எடுத்துத் தயிர் ஊற்றிப் பிசைந்து ஊட்டலாம். அதையும் விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு ஊட்டுங்கள், மட்டன் என்றால் எலும்புச் சில்லு சாதத்தில் கிடக்கும். இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கினால் பெரியவங்க தட்டோடு நிற்கட்டும், உள்ளே முந்திரி பாதாம் இருக்கும்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் வயிற்றுப்போக்கை நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பயம் தொண்டையில் சிக்குவதுதான். இந்த வயசில் நன்றாக மென்று தின்னத் தெரியாது, மூச்சுக்குழாயும் குறுகல். முழுத் திராட்சை, வேர்க்கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், சின்னக் கப்பில் வரும் ஜெல்லி, கேக் மேல் ஒட்டும் வெள்ளி உருண்டை, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். திராட்சை வைத்தே ஆகணும் என்றால் நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள், வட்டமாக நறுக்கினால் பயனில்லை. தர்பூசணி இந்தச் சீசனில் மலிவு, விதை எடுத்துத் துண்டு போடுங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள், பாய் விரித்து உட்கார வையுங்கள். வெடித்த பலூன் துண்டையும் உடனே பொறுக்கிவிடணும், அதை வாயில் போடாத பிள்ளை கிடையாது. ஒரு வயசு ஆகாத குழந்தை வந்தால் யாரும் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கக் கூடாது. ஆயாக்கள் கேட்க மாட்டார்கள், பாட்டிலையே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். சமைத்த சாப்பாடு வெளியே ரெண்டு மணி நேரம் தாங்கும் என்பார்கள், ஆனால் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மே மாத வேலூர் 40ஐத் தாண்டும், மொட்டை மாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் விசேஷத்தைச் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வையுங்கள். க்ரீம் கேக் அரைக் கிலோ போதும், வெட்டுகிற நேரத்துக்கு மட்டும் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வரட்டும். சாண்ட்விச் என்று மையோனைஸ் பக்கம் போகாதீர்கள். பச்சை முட்டை மையோனைஸை நம்ம தமிழ்நாட்டு அரசாங்கமே 2025 ஏப்ரலில் ஒரு வருஷத்துக்குத் தடை செய்தது. கலர் பஞ்சு மிட்டாயும் அப்படித்தான், துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தடை வந்தது.

குடிக்க நீர்மோர், இல்லை எலுமிச்சை ஜூஸ். ஐஸ் வெளியே வாங்காதீர்கள், முந்தின நாளே காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் வீட்டிலேயே போட்டு வையுங்கள்.

முக்கியமாக, வந்ததும் இட்லியைக் கொடுத்துவிடுங்கள், கேக் அதற்கப்புறம். கேக்கை முதலில் வெட்டினால் ஒரு பிள்ளையும் இட்லியைத் திரும்பிப் பார்க்காது. அப்புறம் அந்த ரெண்டு கிலோ மாவையும் மறுநாள் இட்லி உப்புமாவாக நீங்கள்தான் சாப்பிடணும்.