தட்டின் நடுவே எரிமலை: ஹவாயை வகுப்பில் விளக்குவது எப்படி?

கேள்வி: எரிமலைகள் புவித்தட்டுகளின் விளிம்பில் உருவாகும் என்று பிளஸ் ஒன் வகுப்பில் நடத்தினேன். ஹவாய் பசிபிக் தட்டின் நடுவில்தானே இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். கீழே மெழுகுவத்தி, மேலே நகரும் தாள் என்று விளக்கினேன். சரியா? கணக்காகப் போட்டுக் காட்ட வழி உண்டா?

பதில்: பாதி சரி. தட்டு நகர்கிறது, அடியிலிருந்து சூடான பாறை மேலேறி வரும் இடமான வெப்பப்புள்ளி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் சூடு தட்டைச் சுட்டுப் பொத்தல் போடுகிறது என்ற எண்ணமும் கூடவே பதிந்துவிடும். அது தவறு.

மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் குழம்பு அல்ல, திடப்பாறை. ஹவாய்க்கு அடியில் அந்தப் பாறை, சுற்றியுள்ளதைவிட 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் சூட்டோடு மெதுவாக மேலேறுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். ஆழத்தில் அழுத்தம் அதை உருக விடாது. சுமார் 100 கி.மீ. ஆழத்துக்கு வந்ததும் அழுத்தம் குறைந்து, ஒரு சிறு பங்கு மட்டும் உருகிப் பாறைக்குழம்பாகக் கசிகிறது. புதிதாகச் சூடு எதுவும் சேரவில்லை, இதை அழுத்திச் சொல்லுங்கள். குக்கருக்குள் 120 டிகிரியில் தண்ணீராகவே இருப்பது, வெயிட்டைத் தூக்கியதும் குபீரென்று ஆவியாகிறதே, அந்த மாதிரிதான். (வாயால் சொன்னால் போதும், செய்து காட்ட வேண்டாம்.)

இனி கணக்கு. வெப்பப்புள்ளியிலிருந்து ஒரு தீவு விலகி வந்த தூரத்தை அதன் வயதால் வகுத்தால் தட்டின் வேகம் கிடைக்கும். இப்போது குமுறும் கிலாவேயா எரிமலையின் உச்சியிலிருந்து தீவு வரிசையை ஒட்டியே அளந்தால் கவாய் தீவு சுமார் 519 கி.மீ., வயது ஏறத்தாழ 51 லட்சம் ஆண்டு. மிட்வே தீவு சுமார் 2,432 கி.மீ., வயது 2.77 கோடி. பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்; இதை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டால் பூஜ்ஜியங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கவாய்க்கு 519 ÷ 5.1, அதாவது ஆண்டுக்குச் சுமார் 10 செ.மீ. மிட்வேக்கு 2,432 ÷ 27.7, கிட்டத்தட்ட 8.8 செ.மீ.

பெரும்பாலும் சறுக்குவது வயதில்தான். அதே வரிசையில் உள்ள ஓவாஹு தீவின் டைமண்ட் ஹெட் என்ற எரிமலைக் கூம்பு படத்தில் எடுப்பாகத் தெரியும், மாணவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அதன் வயது சுமார் 5 லட்சம் ஆண்டுதான். வெப்பப்புள்ளியைத் தாண்டி வந்த பழைய எரிமலை, நெடுங்காலம் ஓய்ந்து கிடந்துவிட்டு மறுபடி கக்கியது அது. அதை வைத்துக் கணக்கிட்டால் தட்டு ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் ஓடுவதாக விடை வரும்! தீவைக் கட்டி எழுப்பிய கோவோலாவ் எரிமலையின் வயதையே எடுக்க வேண்டும். அது சுமார் 26 லட்சம் ஆண்டு.

மிட்வேயைத் தாண்டிப் போகிறவர்கள் வளைவைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டு வயதுள்ள இடத்தில் வரிசை வடக்கே திரும்பி எம்பரர் கடலடி மலைகளாகிறது. 2001இல் அங்கே துளையிட்டு எடுத்த பாறைகளின் காந்தப்பதிவு, அந்தக் காலத்தில் வெப்பப்புள்ளியே தெற்கு நோக்கி நகர்ந்திருப்பதைக் காட்டியது. ஆகவே இந்த எளிய வகுத்தலை வளைவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் உண்டா என்று அதே மாணவி கேட்பாள். 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் கொட்டிய லாவாவை, இன்று ரீயூனியன் தீவுக்கு அடியில் உள்ள வெப்பப்புள்ளியோடு பலரும் இணைக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து ரீயூனியன் வரை நேராக அளந்து வகுக்கக் கூடாது. ரீயூனியனும் மொரீஷியஸும் ஆப்பிரிக்கத் தட்டில், தக்காணமும் மாலத்தீவும் இந்தியப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே கடல்தளம் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது.