தரவுத்தளம் கேள்வி பதில்: பைனரி லாக் கோப்பைக் கண்ணால் படிக்க முடியுமா?

கேள்வி: எங்கள் மைஎஸ்க்யூஎல் சர்வரில் யாரோ 'வேர்' (WHERE) நிபந்தனை இல்லாமல் 'டெலீட்' கொடுத்துவிட்டார்கள். ஒரு டேபிள் முழுக்கக் காலி. பேக்கப் முந்தைய இரவு எடுத்தது. பைனரி லாக் (தரவில் நடக்கும் மாற்றங்களைச் சர்வர் குறித்துவைக்கும் கோப்பு) இருக்கிறதே என்று அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்தேன். ஒரே குப்பை எழுத்துகள், நடுநடுவே வாடிக்கையாளர் பெயர்கள் மட்டும் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா? இதிலிருந்து எதையாவது மீட்க முடியுமா? (ஒரு வாசகி)

பதில்: கோப்பு கெடவில்லை. பெயர்கள் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. மறையாக்கமோ சுருக்கமோ செய்யாத லாக் அது என்பதற்கு அதுவே சாட்சி.

முதலில் எடிட்டரை மூடிவிடுங்கள். தப்பித்தவறியும் சேமிக்காதீர்கள். பைனரி கோப்பை எடிட்டர் தன் போக்கில் எழுத்தாக மாற்றிச் சேமித்தால் பைட்டுகள் இடம் மாறிவிடும், பிறகு யாராலும் படிக்க முடியாது. அடுத்து 'ஃப்ளஷ் பைனரி லாக்ஸ்' கொடுத்து சர்வரைப் புதிய கோப்புக்கு மாற்றிவிட்டு, பழையதை வேறு இயந்திரத்துக்கு நகலெடுங்கள். 8.0 பதிப்பில் லாக்குகள் 25,92,000 விநாடிகள், அதாவது 30 நாள், தங்கும். இடம் போதவில்லை என்று அதை ஓரிரு நாளாகக் குறைத்து வைத்திருப்பவர்கள் நிறைய. அதனால்தான் நகலெடுப்பதை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

இனி கோப்புக்குள் போவோம். கருவி இருக்கும்போது பைட்டை எதற்குப் படிக்க வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. ஒரு முறையாவது கையால் படித்தவருக்குத்தான் கருவி சொல்வது விளங்கும், அது தடுமாறும் இடமும் தெரியும். என்னிடம் படிக்க வருபவர்களை ஒரு சின்னச் சோதனைக் கோப்போடு ஹெக்ஸ் காட்டியின் (கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் நிரல்) முன் உட்கார வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன்.

கோப்பின் முதல் 4 பைட்டுகள் அடையாள முத்திரை. தசம எண்ணில் 254, 98, 105, 110. அதனால்தான் முதல் நிகழ்வு, அதாவது லாக்கின் முதல் குறிப்பு, எப்போதும் 4-ஆம் இடத்தில் (0-இலிருந்து எண்ணினால்) தொடங்குகிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் 19 பைட் தலைப்பு உண்டு. நேரத்துக்கு 4 பைட் (1970 ஜனவரி 1 முதலான விநாடிகள்), நிகழ்வின் வகைக்கு 1, சர்வர் எண்ணுக்கு 4, நிகழ்வின் மொத்த நீளத்துக்கு 4, அடுத்த நிகழ்வு தொடங்கும் இடத்துக்கு 4, கொடிகளுக்கு 2. எண்கள் சிறிய பைட் முன்னால் வரும்படி எழுதப்பட்டிருக்கும். 44, 1, 0, 0 என்று கண்டால் 44-உடன் 256-ஐக் கூட்டி 300 என்று படியுங்கள். முதல் நிகழ்வின் நீளம் 122 என்றால் அடுத்தது 126-இல் தொடங்கும். இப்படி நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோப்பின் கடைசி வரை நடந்துவிடலாம். கூட்டல் எங்கே இடறுகிறதோ அங்கேதான் கோப்பு உடைந்திருக்கிறது. 5.6.6 பதிப்பு முதல் ஒவ்வொரு நிகழ்வின் வாலிலும், பிழையைக் கண்டறிய உதவும் 4 பைட் சரிபார்ப்புத் தொகையும் இயல்பாகச் சேர்கிறது. அது நீளத்துக்குள் அடக்கம்.

முதல் நிகழ்வின் வகை எண் 15, கோப்பின் வடிவத்தை விவரிப்பது. தலைப்பைத் தாண்டி 25-ஆம் இடத்திலிருந்து 50 பைட்டுகளில் சர்வரின் பதிப்பு எழுத்தாகவே இருக்கும். ஹெக்ஸ் காட்டியில் பளிச்சென்று தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் தேட வேண்டியவை இரண்டு: டேபிள் எது என்று சொல்லும் வகை 19, நீக்கிய பதிவுகளைச் சுமக்கும் வகை 32. பெயர்கள் தெரிவதும் மற்றவை குப்பையாகத் தெரிவதும் ஏனென்றால், எழுத்துப் புலங்கள் எழுத்தாகவே கிடக்கின்றன. எண், தேதி, தசமம் எல்லாம் இறுக்கிப் பொதியப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 224-இல் தொடங்கி 174 அல்லது 175 தொடரும். 'அ' என்பது 224, 174, 133. இது பழகிவிட்டால் எடிட்டரில் குப்பையாகத் தெரிவதிலும் தமிழ் கண்ணில் படும்.

மீட்பு வேலையைக் கையால் செய்ய வேண்டாம். அதற்கு மைஎஸ்க்யூஎல்லுடன் வரும் 'மைஎஸ்க்யூஎல்பின்லாக்' என்ற கருவி இருக்கிறது. 'வெர்போஸ்' விருப்பத்தைக் கொடுத்து, 'பேஸ்64-அவுட்புட்' விருப்பத்துக்கு 'டீகோட்-ரோஸ்' என்ற மதிப்பையும் கொடுங்கள். நீக்கிய ஒவ்வொரு பதிவும் @1, @2 என்ற புல எண்களோடு வரிசையாக வரும். புலங்களின் பெயர்கள் வராது. லாக்கில் இயல்பாகப் புல வகைகள் மட்டுமே பதிகின்றன. ஆகவே டேபிளின் அமைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேதிகள் 2024:05:01 என்பதுபோல முக்காற்புள்ளியோடு வரும், 'டைம்ஸ்டாம்ப்' புலங்கள் வெறும் விநாடி எண்ணாக வரும். திரும்பச் சேர்க்கும் 'இன்சர்ட்' வரிகளை எழுதும்போது இந்த இரண்டையும் மாற்ற மறக்காதீர்கள். இந்த வெளியீடு படிப்பதற்கு மட்டும். அப்படியே சர்வருக்குள் செலுத்தினால் எந்தப் பதிவும் திரும்பாது, உண்மையான தரவு வரிகளை 'டீகோட்-ரோஸ்' விட்டுவிடுகிறது.

பேக்கப் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு, உங்கள் நிலையில் நான் அதைத்தான் எடுப்பேன். தனி சர்வரில் பேக்கப்பை ஏற்றி, அதற்குப் பிறகான லாக்குகளை 'டீகோட்-ரோஸ்' இல்லாமல் ஓட்டி, அந்த டெலீட் பரிவர்த்தனை (ஒன்றாகச் சேர்ந்து நடக்கும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கும் இடத்தை 'ஸ்டாப்-பொசிஷன்' ஆகக் கொடுத்து நிறுத்துங்கள். நேரத்தை வைத்து நிறுத்தாதீர்கள். ஒரே விநாடியில் பல பரிவர்த்தனைகள் நடந்திருக்கும். இப்படிச் செய்தால் தேதி வடிவம், எண்ணின் குறி என்று எதையும் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இவ்வளவும் லாக் 'ரோ' வடிவத்தில், அதாவது மாறிய பதிவுகளையே எழுதிவைக்கும் வடிவத்தில், இருந்தால்தான். 5.7.7 முதல் அதுதான் இயல்பு. 'ஸ்டேட்மென்ட்' வடிவமாக இருந்தால் உள்ளே 'டெலீட்' என்ற வாக்கியம் மட்டுமே இருக்கும், பதிவுகள் இருக்காது. 'ரோ' வடிவத்திலும் 'பின்லாக்-ரோ-இமேஜ்' என்ற அமைப்பை 'மினிமல்' என வைத்திருந்தால் பதிவை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி மட்டும் கிடைக்கும். இரண்டு நிலையிலும் பேக்கப் வழிதான் கைகொடுக்கும்.

கேள்வி: அந்த மாதிரி டெலீட்டை யார் கொடுத்தார் என்று லாக்கிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பொதுவாக முடியாது. பரிவர்த்தனையைத் தொடங்கும் நிகழ்வில் இணைப்பின் த்ரெட் எண் இருக்கும், தலைப்பில் சர்வர் எண் இருக்கும், அவ்வளவுதான். பயனர் பெயர் வேண்டுமானால், யார் என்ன செய்தார் என்று பதியும் தணிக்கை லாக்கை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். சர்வர் எண்ணையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சக ஊழியர் ஒருவரைக் கைகாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஒரு பயனர் கணக்கைப் பத்துப் பேர் பகிரும் இடத்தில் அது அநியாயம்.

கேள்வி: எங்கள் கோப்பின் முதல் பைட் 254 இல்லை, 253. கருவியும் படிக்க மறுக்கிறது. (ஒரு மாணவர்)

பதில்: மறையாக்கம் செய்த லாக் அது. 8.0.14-இல் வந்த வசதி. கோப்பை நேரடியாகக் கருவியிடம் கொடுத்தால் படிக்காது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடமே கேளுங்கள்: 'ரீட்-ஃப்ரம்-ரிமோட்-சர்வர்' விருப்பத்தைக் கொடுத்தால், சர்வர் தானே மறைவிலக்கி அனுப்பும். கூடவே 'ரா' விருப்பமும் கொடுத்தால் மறைவிலக்கிய பைட்டுகளே கோப்பாக வந்து சேரும், 254-இல் தொடங்கி. அந்த நகலில் எல்லா வாடிக்கையாளர் தரவும் திறந்த நிலையில் இருக்கும் என்பதால், பயிற்சி முடிந்த கையோடு அழித்துவிடுங்கள்.