மினிமைஸ் பட்டன் எங்க சார் போச்சு?

கேள்வி: புது லேப்டாப்ல ஃபெடோராங்கிற லினக்ஸ் போட்டேன் சார். பாக்க அழகா இருக்கு, ஆனா விண்டோ மேல க்ளோஸ் பட்டன் மட்டும்தான் இருக்கு, மினிமைஸ், மாக்ஸிமைஸ் ரெண்டையும் காணோம். கீழ டாஸ்க்பாரும் இல்ல. இன்ஸ்டால் பண்றப்ப ஏதாவது சொதப்பிட்டேனா?

பதில்: நீங்க ஒன்னும் சொதப்பல, அவங்க வேணும்னேதான் எடுத்திருக்காங்க. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனோட வர்றது க்னோம் டெஸ்க்டாப், அதாவது ஸ்கிரீன்ல பட்டை, மெனு, விண்டோ எல்லாம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற பகுதி. 2011 ஏப்ரல்ல க்னோம் 3 வந்தப்ப ஆரம்பிச்ச கூத்து இது. அதுக்கு முன்னாடி க்னோம் 2ல மேல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை, மெனு, திறந்து வச்ச விண்டோக்களோட வரிசைன்னு விண்டோஸ்ல இருந்து வந்தவங்களுக்கும் கை தானா போற மாதிரி இருக்கும். புது டிசைன்ல அந்த வரிசையையே தூக்கிட்டாங்க, மவுஸை இடது மேல் மூலையில கொண்டுபோய் இடிச்சா திறந்திருக்கிறதெல்லாம் சின்னச் சின்னதா விரிஞ்சு நிக்கும், வேணுங்கிறதை க்ளிக் பண்ணிக்கோங்கன்னாங்க. சரி, வரிசையே இல்லேன்னா மினிமைஸ் பண்ணின விண்டோ எங்க போய் உக்காரும்? உக்கார இடமில்லாததுக்கு பட்டன் எதுக்குன்னு அதையும் எடுத்துட்டாங்க. கணக்கு சரிதான், ஆனா பத்து வருஷமா மினிமைஸ் பட்டன் இருந்த மூலைக்கே போய்ப் பழகின விரலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதே!

இதைவிடப் பெரிய காமெடி ஷட்டவுன். முதல் வெர்ஷன்ல மெனுவைத் திறந்தா சஸ்பெண்ட் (கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கிறது) மட்டும்தான் இருக்கும், ஆல்ட் கீயை அமுக்கிப் பிடிச்சாதான் அதே இடத்துல பவர் ஆஃப்னு மாறும். யாராவது சொல்லித் தராம இதை யாருங்க கண்டுபிடிப்பா? அப்புறம் மாத்திட்டாங்க.

உங்களுக்கு பட்டன் கட்டாயம் வேணும்னா ட்வீக்ஸ்ங்கிற ஆப்பைப் போட்டு ஆன் பண்ணிக்கலாம். என்னைக் கேட்டா ரெண்டு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்க. சூப்பர் கீயை, அதாங்க விண்டோஸ் படம் போட்ட கீயை, ஒரு தட்டு தட்டினா எல்லா விண்டோவும் விரியும், சூப்பரோட ஹெச் அமுக்கினா விண்டோ மறைஞ்சிடும்.

கேள்வி: இப்படிப் பண்ணினதுக்கு யாரும் சண்டை போடலையா?

பதில்: போடாமலா! லினக்ஸோட அடிப்படையான கெர்னலை எழுதின லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகி எக்ஸ்எஃப்சிஇங்கிற வேற டெஸ்க்டாப்புக்கு மாறிட்டார் (பின்னாடி க்னோமுக்கே திரும்பி வந்தார், அது வேற கதை). 2012ல விண்டோஸ் 8ல ஸ்டார்ட் பட்டனைத் தூக்கினப்ப ஜனங்களால புலம்பத்தான் முடிஞ்சது, இங்க அப்படி இல்ல, கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, அதனால அர்ஜென்டினாவுல ஒருத்தர் பழைய க்னோம் 2ஐ எடுத்து "மாட்டே" (MATE) அப்படின்னு பேர் வச்சு உயிரோட வச்சார், லினக்ஸ் மின்ட்ங்கிற இன்னொரு லினக்ஸ்காரங்க க்னோம் 3 மேலயே வேலை பார்த்து சின்னமன்னு தனியா ஒன்னு பண்ணிட்டாங்க. டெஸ்க்டாப்பைப் புதுசா யோசிச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், புதுசு பழகுறதுக்குள்ள பழசைப் பராமரிக்கிறதை நிறுத்தினதுதான் வம்பாச்சு.

கேள்வி: உபுண்டுங்கிற லினக்ஸ்ல யூனிட்டின்னு ஒரு டெஸ்க்டாப் இருந்ததே, அது?

பதில்: உபுண்டு 11.04 வெர்ஷன்ல இருந்து அதுதான் முதல்ல வந்து நிக்கும். போன், டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் ஒரே முகம்ங்கிறது கனவு. 2017ல கைவிட்டுட்டு க்னோமுக்கே திரும்பிட்டாங்க. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது 12.04ல வந்த ஹட், ஆல்ட் கீயைத் தட்டி கிம்ப்ங்கிற படம் எடிட் பண்ற ஆப்ல பிளர்னு டைப் பண்ணினா மெனுக்குள்ள எங்க ஒளிஞ்சிருந்தாலும் அந்தக் கட்டளை முன்னாடி வந்து நிக்கும். அது போனதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

கேள்வி: எழுபது வயசு அப்பாவுக்குப் பழைய கம்ப்யூட்டர்ல எதைப் போடலாம்?

பதில்: லினக்ஸ் மின்ட், அதுலயும் எக்ஸ்எஃப்சிஇ. கேடிஇன்னு இன்னொரு டெஸ்க்டாப் நல்லாத்தான் இருக்கும், ஆனா செட்டிங்ஸ் காட்டுக்குள்ள போனா நானே வழி தெரியாம நிப்பேன். எங்க அப்பாவுக்கு எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்து, கீழ பட்டை, இடது ஓரத்துல மெனு, எல்லாம் பழையபடிதான் இருக்குப்பான்னு அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "சரிடா, எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணு"ன்னார்.