மருத்துவமனைக்கான கதிரியக்கப் பொருள் வழியில் தொலைந்தால் ஆபத்தா?

எது தொலைந்தது என்பதைப் பொறுத்தது. ஸ்கேனுக்கு ஊசியாகப் போடும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். இரண்டு நாளில் பெட்டியில் சொல்லும்படி ஒன்றும் மிஞ்சாது.

கோபால்ட்-60 அப்படியல்ல. பாதியாகவே 5 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். 2013 டிசம்பரில் மெக்சிகோவில், திஹுவானா மருத்துவமனையின் பழைய புற்றுநோய் சிகிச்சைக் கருவியிலிருந்த கோபால்ட்டைக் கழிவுக் கிடங்குக்கு ஏற்றிப்போன லாரியையே கடத்திவிட்டார்கள். டிரைவர் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரம். திருடர்கள் குறிவைத்தது லாரியை மட்டும்தான் போலிருக்கிறது. உள்ளே இருந்ததோ சுமார் 3,000 கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) எமன். இரண்டு நாளில் ஒரு வயல்வெளியில் கிடைத்தது, கவசப் பெட்டிக்கு வெளியே! அங்கே கையுறை மாட்டிக்கொண்டு போய் எடுத்துவர முடியுமா? பத்திரமாக மீட்க டிசம்பர் 10 ஆகிவிட்டது.